காது உயரம்

என் வீட்டுக்காரர் ஸ்பீக்கர் தூக்கிச் செத்தார். யார் கேட்டாலும் நெஞ்சுவலி என்றுதான் சொல்கிறேன். டாக்டரும் அதைத்தான் எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பாழாய்ப்போன பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறாமல் இருந்திருந்தால் அந்த வலி அன்றைக்கு வந்திருக்காது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சிவநாதன் என்று பெயர். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர்கள் கோயில் குளம் என்று போவார்கள். இவர் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர் வாங்கி வந்தார். வந்த நாளிலிருந்து அவற்றை எங்கே வைப்பது என்பதே பெரும்பாடு. மேசையில் வைத்தால் மேசையும் சேர்ந்து பாடுகிறதாம்.

"ஸ்டாண்டு செய்யணும் மங்கை" என்றார்.

"இத்தனை வருசமா நான் பேசுறது இந்தக் காதுல ஏறல. பாட்டு மட்டும் சுத்தமா ஏறணுமாக்கும்" என்றேன்.

சிரித்துக்கொண்டார். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது தேக்குக் கதவுகளை வாங்கிப்போட்டு, கொல்லையில் உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தார். நாலு பலகையை ஒட்டி உள்ளே கூடாக ஒரு கால். மேலே ஒரு தட்டு, கீழே அகலமாக ஒரு பாதம். கூட்டுக்குள் மணல் நிரப்பினால்தான் ஸ்டாண்டு அதிராதாம். கடற்கரையிலிருந்து மணல் கொண்டுவந்து, உப்புப் போக அரிசி களைவதுபோலக் களைந்து களைந்து மொட்டை மாடியில் காயப்போட்டார். காக்கா வராமல் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அதற்கும் சிரிப்புத்தான்.

உயரம்தான் முக்கியம் என்பார். என்னைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து காதுவரை டேப் பிடித்து அளந்தார்.

"காதுக்கு நேரா சத்தம் வரணும். அப்பத்தான் பாடுறவங்க பக்கத்துல உக்காந்து நமக்கு மட்டும் பாடுறாப்ல இருக்கும்."

விடுமுறைக்கு வந்திருந்த எங்கள் மகள் ஓவியாவையும் அதே நாற்காலியில் உட்காரவைத்து அளந்தார். அவள் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொண்டு போய் அங்கேயே தங்கிவிட்டவள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே உயரம் என்று அவளுக்கும் அதே அளவில் ஒரு ஜோடி செய்தார்.

"எப்படிப்பா தூக்கிட்டுப் போறது இத?"

"மணலக் கொட்டிட்டு வெறுங்கூடாத் தர்றேன். அந்த ஊர்ல மணல் இல்லையா?"

அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு ஸ்டாண்டும் கூடத்திலேயே நின்றன. ரசமட்டம் வைத்துப் பார்த்து, இம்மி சாயாமல் நிறுத்தியிருந்தார். ஒருநாள் நான் காபி டம்ளரை ஒன்றின்மேல் வைத்துவிட்டேன்.

"அதுல ஸ்பீக்கரத் தவிர வேற எதையும் வைக்கக் கூடாது" என்று கத்தினார். அவர் என்னிடம் கத்தியது அபூர்வம்.

கார்த்திகை மழையில் தெருவாய்க்கால் நிறைந்து காலையிலேயே வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அரிசி மூட்டையைத் தூக்குங்கள் என்று நான் அடுப்படியிலிருந்து கத்துகிறேன். இவர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மாடியறைக்கு ஏறுகிறார். இரண்டாவதையும் கொண்டுபோய்க் கட்டிலில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டு இக்பால் முதுகில் சுமந்து தண்ணீரைத் தாண்டினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உயிர் இல்லை.

ஓவியாவுக்கு நான்தான் போனில் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் எடுத்துராதம்மா. அப்பா மொகத்தப் பாக்கணும்."

ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். என் மகள் அவரை வீட்டில்தான் பார்ப்பாள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் பெஞ்சில் கிடத்தினார்கள். வாய் திறந்திருந்தது. வாயை மூடி, நாடியையும் தலையையும் சேர்த்து வெள்ளைத் துணியால் நானே கட்டினேன்.

ஐஸ் பெட்டிக்காரர் டிராக்டரில் பெட்டியைக் கொண்டுவந்தார். கூடத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணிக்குள்ள வைக்க முடியாதும்மா. அடியிலதான் கம்ப்ரசர் இருக்கு. ஷாக் அடிச்சா இன்னும் ரெண்டு பேர் போயிருவாங்க."

மாடிக்கு ஏற்றலாம் என்றால் படி வளைந்து போகிறது, பெட்டி திரும்பாது. வாடகைக் கடை பெஞ்சுகளைப் போட்டார்கள். பெட்டிக்காரர் ஒன்றில் கையை ஊன்றி அழுத்தினார். அது தண்ணீருக்குள் தள்ளாடியது. செங்கல் அடுக்கினார்கள், அது சரிந்தது.

"திடமா ஏதாச்சும் இருந்தாத்தான் வைப்பேன். இல்லன்னா இன்னிக்கே எடுத்துருங்க. கோவிச்சுக்காதீங்க."

இன்றைக்கே எடுத்தால் ஓவியா வந்து எதைப் பார்ப்பாள், சாம்பலையா? இக்பால் என்னைப் பார்த்தார். நான் கூடத்து மூலையைப் பார்த்தேன். வீட்டில் கனமில்லாத சாமானெல்லாம் மிதந்துகொண்டிருந்தது. அந்த நாலு ஸ்டாண்டு மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றன. காலையிலிருந்து அவற்றைக் கோடாலியால் பிளந்து போட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அதுல வைங்க" என்றேன்.

"அக்கா, அது அண்ணனோட…" என்று இக்பால் இழுத்தார்.

"தெரியும். வைங்க."

ஒவ்வொன்றையும் இரண்டு பேர் முக்கி முக்கி நகர்த்தினார்கள். நாலு மூலைக்கும் நாலு. பெட்டிக்காரர் ஒன்றின்மேல் ஏறி நின்றே பார்த்தார். அசையவில்லை. தெருவில் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். இக்பால் தன் கடை ஜெனரேட்டரை மாடிப்படியில் ஏற்றிவைத்து வயர் இழுத்தார். என் வீட்டுக்காரரைப் பெட்டிக்குள் வைத்தோம். தண்ணீருக்கு மேலே, ஒரு பக்கமும் சாயாமல், அவர் படுத்திருந்தார்.

ஓவியா மறுநாள் சாயங்காலம் வந்தாள். பாதி வழியில் கார் நின்றுபோய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தாள். அவள் அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அழவில்லை. கூடத்து நாற்காலியை இழுத்து, அப்பாவின் தலைமாட்டில் போட்டு, கால்களைத் தண்ணீருக்குள் விட்டு உட்கார்ந்தாள். கன்னத்தைப் பெட்டியின் கண்ணாடியில் சாய்த்தாள்.

எனக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அவள் காதுக்கு நேரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர் வாய் இருந்தது. ஒரு விரற்கடை ஏற்றமில்லை, இறக்கமில்லை. அந்த மனிதர் எப்போதும் சரியாகத்தான் அளப்பார்.

"ஏதாச்சும் சொல்லுங்கப்பா" என்றாள் ஓவியா. ஜெனரேட்டர் சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அப்படியே காதை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் அவர் நாடியிலிருந்த அந்த வெள்ளைத் துணி முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இறுக்கித்தான் கட்டியிருந்தேன்.