நடக்காத ஞானஸ்நானம்

செல்லசாமி வந்தபோது உபதேசியார் மாசிலாமணி ஜெபக்கூடத்துப் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்று, ஐப்பசி மழை. இலங்கை மலையகத்து டயகம தேயிலைத் தோட்டம். மேல் லயத்து வரிசை வீடுகளில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் செல்லசாமி குடும்பம். இந்தப் பக்கம், மனைவியைப் பறிகொடுத்துவிட்டுத் தனியே இருக்கும் இவர்.

"பிரஜாவுரிமை மனுவுக்கு எங்கப்பா இங்கதான் பொறந்தாருன்னு காட்டணுமாங்க. பழைய ஞானஸ்நானப் புஸ்தகத்துல அவருக்கு ஒரு வேதப்பேரு வச்சி ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

"ஒங்கப்பா துறையூருல பொறந்தவருப்பா. நீதான சொன்ன."

"ஒங்ககிட்டதாங்க சொன்னேன். மனு பாக்குறவங்களுக்குத் தெரியாதுல்ல."

மாசிலாமணி துடைக்கும் துணியைப் பிழிந்தார். மனைவி செத்த அன்று கொட்டும் மழையில் குழி வெட்டியவன் இவன்தான், சபையார் அல்ல. அதன்பின் காய்ச்சலில் கிடந்தவருக்கு நாற்பது நாள் கஞ்சி ஊற்றியவள் இவன் மனைவி வீரம்மா. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மலைத் தேயிலையையே கவ்வாத்து வெட்டிக்கொண்டிருப்பவனை யாரோ என்று சொல்லும் சட்டம் அநியாயம் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. அன்று மாலை புத்தகத்தைத் திறந்தார். ஒரு பழைய பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு இடமிருந்தது. பேனாவை மையில் தோய்த்தார். கர்த்தரின் பெயரால் நடக்காத ஒன்றை எழுதக் கை ஓடவில்லை. முள்ளிலேயே மை காய்ந்தது.

விடிந்ததும் சொன்னார்: "பொய் எழுத எனக்குக் கை வரலப்பா. விசாரணைக்கு நான் வாறேன். இருவது வருஷமா ஒன்னத் தெரியும்னு சொல்றேன்."

"வேணாங்க. அங்க வந்து உண்மையச் சொல்லிப்புடுவீங்க."

அன்றோடு சுவருக்கு அப்பாலிருந்து அவரைக் கூப்பிடும் குரல் நின்றது. தீபாவளிக்கு வீரம்மாவின் பலகாரத் தட்டு அவர் வாசலைத் தாண்டிப் போனது. ராத்திரி ஜெபத்தில் முழங்காலிட்டால் ஒரே கேள்விதான் வந்தது: பொய் சொல்லாதே என்ற தேவனுடைய கற்பனையைக் காப்பாற்றினேனா, என் வெள்ளைச் சட்டையையா?

மாசியில் ஒரு நாள் செல்லசாமி கடிதத்தோடு வாசலில் நின்றான். இங்கிலீஷ் கடிதம்.

"கணக்கப்பிள்ளைகிட்டக் காட்ட மனசில்லங்க."

முக்காலியை எடுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை. முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு தமிழில், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆதாரமில்லை. மனு தள்ளுபடி.

செல்லசாமி கடிதத்தைத் திரும்ப வாங்கினான்.

"இதையாவது கொஞ்சம் மாத்திப் படிச்சிருக்கலாங்க."

குரலில் கோபமில்லை. கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் மழையில் மலைச்சரிவில் இறங்கினான்.

மாசிலாமணி வெளியே வந்தார். பக்கத்து வாசலில் வீரம்மா நின்றுகொண்டிருந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்த்துப் பேசினாள்.

"நல்ல சேதிதானுங்களே, ஐயா?"

அவள் முகம் அடுப்பு வெக்கையில் சிவந்திருந்தது. கையில் ஈர விறகு. அவளுக்குப் பின்னால், வீடு நிறையப் புகை.