மூன்றாம் பிரஸ்ஸுக்கு ஒரு நட்சத்திரம்

முதலாளி சொல்லச் சொல்ல அவள் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். "எங்கள் நிறுவனத்தில் வேலைக்காரர்கள் என்று யாரும் இல்லை. எல்லோரும் ஒரே குடும்பம்." அவர் குடும்பம் என்று வாயெடுக்கவும், சுவருக்கு அந்தப் பக்கம் ரப்பர் குழாய் ஒருவன் முதுகில் விழவும் சரியாக இருந்தது. "ஐயோ" என்ற சத்தம் தெளிவாகவே கேட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "குடும்பத்துக்குப் பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி போடும்மா" என்றார்.

போட்டாள்.

சமையல் பாத்திரங்களுக்கு எஃகு மூடி அடிக்கிற ஆலை அது. தகட்டை அழுத்தி மூடியாக்குகிற பிரஸ் இயந்திரம் எட்டு, ஆள் நாற்பது. ஆள் எடுப்பது, விடுப்புக் குறிப்பது, இரண்டுக்கும் நடுவில் இணையத்தில் வருகிற விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவது, இதெல்லாம் அவள் வேலை. எவன் எவ்வளவு கேவலமாகத் திட்டியிருந்தாலும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் ஆலை முழுக்க அவளுக்கு நன்றியக்கா என்று பெயர்.

செவ்வாய்க்கிழமை வந்த விமர்சனத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். எழுதியவன் பெயர் இல்லை. 'ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கணும். கை உள்ள மாட்டக்கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சிருக்காங்க. இங்க சீக்கிரம் அடிக்கணும்னு ஒரு பட்டனை டேப் சுத்தி அமுக்கியே வச்சிருக்காங்க. மூணாம் பிரஸ் யார் கையையாவது வாங்காம விடாது. வாயைத் திறந்தா அடி விழும்.'

டேப்பைப் பிய்த்து எறிய அரை நிமிடம் போதும். அந்த யோசனை அங்கே ஒருத்தனுக்கும் வரவில்லை. எழுதியவனைப் பிய்த்து எறியத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, மூடிகளை மொத்தமாக வாங்குகிற பெரிய கம்பெனியின் ஆட்கள் வரப்போகிறார்கள். ஆலைக்குள் கால் வைப்பதற்கு முன்பே அவர்கள் விமர்சனங்களைப் படித்துவிடுவார்கள். அன்று வெள்ளிக்கிழமை. மணி ஒன்றரை. அவர்கள் வருவதற்குள் போட வேண்டிய பதிலைத்தான் முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்.

துப்பறிகிற பொறுப்பை மச்சான் எடுத்துக்கொண்டான். முதலாளி மனைவியின் தம்பி. வாட்ச்மேன் முதற்கொண்டு அவனை முதுகுக்குப் பின்னால் மச்சான் என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேரே சார். ஆலைக்குள் யாரும் போன் கொண்டுவரக் கூடாது, எல்லாம் வாசலில் பெட்டிக்குள் போய்விடும். விமர்சனம் வந்தது செவ்வாய் பதினொன்று இருபதுக்கு. அந்த நேரத்தில் கையில் போனோடு வெளியே இருந்தவன் யார்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்த நெட்டை ஒருத்தன்தான். இரண்டாம் பிரஸ் ஓட்டுகிறவன். இதைக் கண்டுபிடித்ததிலிருந்து மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. மதியச் சாப்பாட்டில் கைவைத்த நெட்டையைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய், முதலாளி அறையை ஒட்டிக் கழிவுத் தகடு போடுகிற அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டான்.

நெட்டை எழுதவில்லை என்பது நன்றியக்காவுக்குத் தெரியும்.

அந்த விமர்சனத் தளத்தில் எழுதியது எழுதியவுடனே வெளியே வராது. இரண்டு நாள் வைத்திருந்துதான் விடுவார்கள். இது அவளுக்குத் தெரிந்த விதம் பெருமைப்படுகிற மாதிரி இல்லை. முதலாளி சொல்லி, 'மகிழ்ச்சியான ஊழியர்', 'நன்றியுள்ள தொழிலாளி' என்று விதவிதமான பெயரில் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியதெல்லாம் அவள்தான். அப்படியானால் செவ்வாய் வெளிவந்தது ஞாயிற்றுக்கிழமை எழுதியது; விடுமுறை நாள், எல்லோர் கையிலும் போன் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்துப் போனை நோண்டிக்கொண்டிருந்தான் அவள் தம்பி. மூன்றாம் பிரஸ் ஓட்டுகிறவன். "பேர் போடாம எழுதினா கண்டுபிடிப்பாங்களாக்கா?" என்று கேட்டான். "எத்தனையோ நானே எழுதியிருக்கேன், எவன் கண்டுபிடிச்சான்?" என்று துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அப்போது அதை ஒரு கேள்வியாகவே அவள் நினைக்கவில்லை.

முதலாளி காபி குடிக்கப் போன இடைவெளியில் பிரஸ் கூடத்துக்கு ஓடினாள். தம்பி தகடு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"உள்ள நெட்டையை அடிச்சுக் கொல்றான்டா."

"கேக்குது."

"கேக்குதுன்னா? போய்ச் சொல்லு."

"போனா என்னை உயிரோட விடுவானாக்கா?" அவன் நிமிரவில்லை. "கண்டுபிடிக்கமாட்டாங்கன்னு நீதானே சொன்ன."

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில், நல்லவேளை இவன் இல்லை என்று மனம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அதைக் கண்டு தன்மீதே அருவருப்பாக இருந்தது. இருந்தும் திரும்பி வந்து நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். தம்பி பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, தளத்தின் இரண்டு நாள் கணக்கைச் சொன்னாலே போதும், நெட்டை தப்பிப்பான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

மச்சான் வியர்த்து வழிய வந்தான். புறங்கையில் ரத்தம். "ஒத்துக்கமாட்டேங்கிறான் மாமா. கல்லு மாதிரி நிக்கிறான்."

"ஒத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது?" என்றார் முதலாளி. காபி குடித்ததில் அவருக்குப் புது யோசனை உதித்திருந்தது. "பதிலோட ஒரு வீடியோ போடுவோம். நெட்டையே மூணாம் பிரஸ்ஸை ஓட்டிக் காட்டி, பயமில்லைன்னு சொல்லட்டும். மூஞ்சியைக் கழுவிவிடு. புதுச் சட்டை குடு. நீ எடும்மா, உன் போன்லதான் கம்பெனி கணக்கு இருக்கு."

நெட்டையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. உதடு கிழிந்திருந்தது. மடிப்புக் கலையாத நீலச் சட்டைக்குள் முதுகிலிருந்து ரத்தம் ஊறித் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. "நல்ல கண்ணு இருக்கிற பக்கமா எடு" என்றான் மச்சான். பிறகு, வீடியோவில் விழக்கூடாதே என்று, வலது பட்டனைச் சுற்றியிருந்த டேப்பைப் பிய்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். மூன்று நாளில் அவன் செய்த ஒரே நல்ல காரியம் அது, அதையும் முழுசாகச் செய்யவில்லை. மற்ற பிரஸ்களில் வெறும் டேப்தான். மூன்றாவதில் டேப் நிற்காமல் வழுக்குகிறது என்று அடியில் ஒரு நாணயத்தைச் செருகியிருந்தார்கள். டேப் போன பிறகும் நாணயம் விளிம்பில் இறுகிப் பட்டனை அமுக்கியபடியே இருந்தது. அங்கே நின்றவர்களில் அது அந்த இயந்திரத்தை ஓட்டுகிற தம்பிக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

"சொல்லு" என்றான் மச்சான்.

"இங்க... இங்க ஒரு பயமும் இல்லை" என்றான் நெட்டை. தகட்டை வலது கையால் உள்ளே தள்ளினான். கால் மடங்கியது. விழாமலிருக்க இடது கையை எங்கேயாவது ஊன்ற வேண்டும். இடது பட்டன் இருக்கிற பக்கம் கை போனது. ஒரு பட்டனுக்கு இறங்காது என்று அவன் நம்பியதில் தப்பே இல்லை, டேப்பைத்தான் கண்ணெதிரே பிய்த்தார்களே.

"அண்ணே!"

தம்பி பாய்ந்தான். நெட்டையின் வலது மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து எறிந்தான். இழுத்தவன் கை வெளியே வரவில்லை. பிரஸ் இறங்கியது. மூடி அடிக்கிறபோது வருகிற அதே சத்தம்தான், கொஞ்சம் மந்தமாக. மேலே எழும்பியபோது தம்பியின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. ரத்தம் பீறிட்டு மச்சானின் சட்டையிலும் முகத்திலும் அடித்தது. தம்பிக்கு முதலில் வலிக்கவில்லை போலும், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அலறினான்.

"போனை நிறுத்து! அழி அதை!" முதலாளி கத்தினார்.

மச்சான் வந்து அவள் மணிக்கட்டை முறுக்கினான். எலும்பு நெரிவது கேட்டது. அவள் போனை விடவில்லை, அவன் தோளைக் கடித்தாள், வாயில் சதை வரும்வரை கடித்தாள். அவன் அவள் முடியைப் பிடித்துத் தலையை இரும்புத் தூணில் மோதினான். கண் இருட்டியது. இரண்டாவது மோதலுக்கு அவன் கை ஓங்கியபோது நெட்டை பின்னாலிருந்து தகடு நெம்புகிற கடப்பாரையால் அவன் முழங்காலில் போட்டான். மச்சான் சுருண்டான். நெட்டை இன்னொரு முறை ஓங்கினான். பிறகு என்ன நினைத்தானோ, கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுத் தம்பியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். நாற்பது பேரில் ஒருவரும் குறுக்கே வரவில்லை. முதலாளி மட்டும், "நாலு மணிக்கு ஆளுங்க வர்றாங்களே, நாலு மணிக்கு ஆளுங்க வர்றாங்களே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு விரைந்த சரக்கு வண்டியின் பின்பக்கம் மூன்று பேரும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே கிடந்தார்கள். நெட்டை தன் புதுச் சட்டையைக் கழற்றித் தம்பியின் கையைச் சுற்றி, உயரத் தூக்கிப் பிடித்திருந்தான். அவள் நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் வடிய, கம்பெனி கணக்கைத் திறந்து, முதலாளி சொல்லச் சொல்லத் தட்டியதையெல்லாம் அழித்தாள். வீடியோவை மட்டும் வைத்தாள். கீழே, 'இவர் எழுதியது உண்மை' என்று நிறுவனத்தின் பெயரிலேயே போட்டு அனுப்பினாள். நிறுவனத்தின் பதிலுக்கு இரண்டு நாள் காத்திருப்பெல்லாம் கிடையாது, உடனே போய்விடும்.

தம்பி முனகினான். "அண்ணே... நான்தாண்ணே அதை எழுதினேன்."

"தெரியும்டா. பேசாதே."

"எப்படித் தெரியும்?"

"மச்சான் அடிக்கிறதுக்கு நடுவுல முழுசாப் படிச்சுக் காட்டினான். நீ பேசற மாதிரியே இருந்துச்சு."

அவள் போனிலிருந்து நிமிர்ந்து கேட்டாள். "அப்ப ஏம்பா சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னை விட்டிருப்பானே."

நெட்டை வீங்காத கண்ணால் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் குற்றம் சாட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"பாதி அடி நான் வாங்கி முடிச்சிருந்தேன்க்கா" என்றான். "மிச்சத்துக்கு எதுக்கு இன்னொரு ஆளு?"