எதிர் வீட்டுக் குருவிகள்

ஆறு வருஷமாக டெல்மர் ஹாஸ்கெட் மார்ட்டின் என்ற ஒருவகைக் குருவிகளுக்கு வீடு கட்டி வைத்துக் காத்திருந்தார். இருபதடிக் கம்பம், அதில் கூடு கட்டப் பன்னிரண்டு வெள்ளைச் சுரைக்குடுக்கைகள். விடியற்காலையில் ஒலிபெருக்கியில் குருவிப் பாட்டு வேறு. பாட்டைக் கேட்டு வந்த குருவிகள் எல்லாம் சாலையைத் தாண்டி, எதிர் வீட்டு வெர்னாவின் தோட்டத்தில் சாயம் உரிந்து நின்ற பழைய மரக்கூண்டில் குடியேறின. வெர்னா அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கூண்டு வைத்தது செத்துப்போன அவள் புருஷன்.

"மேளம் நம்ம வீட்ல, கல்யாணம் எதிர் வீட்ல" என்பாள் டெல்மரின் மனைவி லொரீன்.

அந்த ஏப்ரலில் குளிரும் மழையும் விடாமல் பிடித்துக்கொண்டன. பூச்சி பறக்கவில்லை. பறக்கிற பூச்சியை மட்டுமே தின்னும் குருவிகள் கூண்டுக்குள் சுருண்டு கிடந்தன. நாலாம் நாள் வெர்னா ஒரு செருப்புப் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினாள். உள்ளே செத்த குருவி.

"டெல்மர், குருவிப் புத்தகமெல்லாம் படிக்கிறீங்களே, இதுக்கு என்ன போட்டிருக்கு?"

டெல்மர் குருவியைக் கையில் எடுத்தார். கனமே இல்லை. மிச்சமும் செத்தால் அடுத்த வருஷம் தன் வீட்டுக்குப் புதுசாக வருமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"லொரீன், பன்னெண்டு முட்டை பொரி. உப்புப் போடாத."

வெர்னாவின் தோட்டத்தில் நின்று, பொரித்த முட்டையைத் துணுக்குத் துணுக்காகப் பிளாஸ்டிக் கரண்டியால், பூச்சி பறப்பது போல வானத்தில் சுண்டினார். குருவிகள் வேடிக்கை பார்த்தன. ஒரு மணி நேரம் எல்லாம் தரையில்தான் விழுந்தது.

"என் தலையில நாலு விழுந்திருக்கு," என்றாள் வெர்னா.

"அசையாம நில்லுங்க."

கடைசியில் ஒரு குருவி பாய்ந்து வந்து கவ்வியது. பிறகு இன்னொன்று. அப்புறம் சுண்டிச் சுண்டிக் கை வலித்தது. மூன்று நாள் அப்படியே போனது. வெயில் வந்தபோது இரண்டைத் தவிர எல்லாம் பிழைத்திருந்தன.

"உங்க கம்பத்துக்குப் பக்கத்துல மேப்பிள் மரம் நிக்குது. பருந்து ஒளிஞ்சிருக்கும்னு அதுங்களுக்குப் பயம். அதான் வரல," என்றாள் வெர்னா. "என் வீட்டுக்காரர் அப்பவே சொன்னார்."

"ஆறு வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அந்த வாரமே டெல்மர் கம்பத்தைப் பிடுங்கி அவள் தோட்டத்தில் நட்டார். மே மாதம் ஒன்பது குடுக்கைகளில் முட்டை இருந்தது.

ஜூலையில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய அன்று, ஒரு குஞ்சு நேராக வந்து, வெர்னாவின் தோட்டத்தில் நின்ற டெல்மரின் தொப்பியில் உட்கார்ந்துகொண்டது. அவர் மூச்சுகூடப் பெரிதாக விடாமல் நின்றார். அரைமணி கழித்து லொரீன் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். டெல்மர் அசையவில்லை.

"அவருக்கு என்ன ஆச்சு?"

"குருவி உக்காந்திருக்கு," என்றாள் வெர்னா.

"சரி, நான் சாப்பிட்டுடறேன்."