பத்மாசனி பாடமாக்காத சொல்

பத்மாசனி 'டிலே' என்ற ஆங்கிலச் சொல்லைப் பாடமாக்கிய அன்று முரசுமோட்டையில் எந்த வீட்டிலும் பொழுதுபடும்வரை சோறு அவியவில்லை. சனம் முதலில் விறகைத்தான் திட்டியது. மறுநாள் அவள் 'அபண்டன்ட்' படித்தாள். ஊர்க் கத்தரியெல்லாம் காய்த்துக் கொட்டியது, மாட்டுக்குப் போட்டும் முடியவில்லை. அதற்குப் பிறகு விறகை யாரும் திட்டவில்லை.

இந்த வயதில் அவளுக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சண்டை முடிந்த நாளில் மகன் செந்தூரனை ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; இன்றுவரை தகவலில்லை. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கக் கிளிநொச்சிக்கு வெளிநாட்டுக்காரர் வந்தபோது அவளும் போனாள். "அரை மணித்தியாலம் அழுது சொன்னனான் பிள்ளை. மொழிபெயர்க்க வந்தவர் மூண்டு வரியிலை முடிச்சுப்போட்டார்," என்று பக்கத்து வீட்டு முன்பள்ளி ஆசிரியை ஜெயரூபியிடம் குமுறினாள். அடுத்தமுறை தானே பேசுவதென்று, அவளிடம் சொற்புத்தகம் வாங்கினாள். நாளுக்கு ஒரு சொல், தமிழ் எழுத்தில், கொப்பியில் நூறு தரம்.

ஊர்ச் சனம் சும்மா இருக்குமா? "அக்கா, மழைக்கு ஏதும் சொல் இருந்தால் ஒருக்கால் படியுங்கோவன்," என்று வேலிப் படலையில் வந்து நின்றது. 'ரிட்டேர்ன்' படித்த கிழமை, இடப்பெயர்வில் தொலைந்ததெல்லாம் முல்லைத்தீவு வீதியால் வந்து சேர்ந்தது: வாளிகள், தையல் மெசின், நடராசாவின் தண்ணீர்ப் பம்பு. செந்தூரனின் சைக்கிளும் தானே உருண்டு வந்து அவளது வேலியில் சாய்ந்தது. சீற் சூடாக இருந்தது. பொருட்களுக்குக் கேட்ட சொல் மனிசருக்குக் கேட்கவில்லை. பாவம், அன்று அவள் வாய்விட்டு அழுதாள்.

பிறகு அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒருவர் கையெழுத்துக் கேட்டு ஆங்கிலக் கடிதத்துடன் வந்தார். அதில் 'ப்ரிசியூம்' என்று ஒரு சொல் இருந்தது. சாட்சி இல்லாமலே இப்படித்தான் என்று எடுத்துக்கொள்வது அதன் கருத்து. செந்தூரன் செத்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னது கடிதம். வாசித்த ஜெயரூபியின் முகம் கறுத்தது. அவள் கருத்துச் சொல்ல வாயெடுக்க, பத்மாசனி இரண்டு காதையும் பொத்தினாள்.

"வேண்டாம் பிள்ளை. நான் படிச்சால் அது நடந்திடும்."

கொப்பியில் அன்றைய பக்கத்தை வெறுமையாக விட்டாள். அன்றிலிருந்து முரசுமோட்டையில் அந்தச் சொல் எவர் வாயிலிருந்தும் சத்தமாக வருவதில்லை. வெளிநாட்டுக்காரர் திரும்ப வந்தபோது அவள் இரண்டு மணித்தியாலம் ஆங்கிலத்தில் பேசினாள். எழுதிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

கந்தோர்க்காரர் இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை வந்து கடிதத்தை வாசிப்பார். அந்தச் சொல் வரும் இடத்தில் வாய் அசையும், சத்தம் வராது, அவருக்கும் பழகிவிட்டது. பத்மாசனி தேத்தண்ணி கொடுப்பாள். குடித்துவிட்டு, கையெழுத்தில்லாத கடிதத்தை மடித்துப் பையில் வைப்பார். போகும்போது சைக்கிள் சீற்றை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்.

"இன்னும் சூடாத்தான் இருக்கு, அம்மா," என்பார்.

"ஓம்," என்பாள் அவள்.