எவுலாலியா வைத்த விருந்து

மெக்சிகோவிலிருந்து வந்து சலினாஸ் தோட்டங்களில் குனிந்து குனிந்து கீரை அறுத்ததில் டெல்ஃபினாவின் இடுப்பு போயிற்று. வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் அவளை விடவில்லை. மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர மறந்து தூங்கிப்போன நாளுக்கு மறுநாள், தானாகவே போய் சிகிச்சை மையத்தில் சேர்ந்தாள். அங்கே எல்லாம் ஆங்கிலம். குடும்பத்திலிருந்து சற்று விலகியிருக்கச் சொன்னார்கள். குடும்பத்தை விட்டால் தனக்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்க அவளுக்கு ஆங்கிலம் போதவில்லை.

வீடு திரும்பியபோது மாமியார் எவுலாலியா ஊருக்கு ஒரு கதை சொல்லி வைத்திருந்தாள்: மெக்சிகோவில் சித்திக்கு உடம்பு சரியில்லை, மருமகள் பார்க்கப் போயிருக்கிறாள். தேவாலயத்தில் பார்ப்பவர்களெல்லாம் சித்தியை விசாரித்தார்கள். டெல்ஃபினா தலைகுனிந்து நின்றாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் மாத்தில்டே ஒரு காலத்தில் குடியில் கிடந்தவள். குடியையும் மாத்திரையையும் விட்டவர்களுக்காக அவள் நடத்திய குழுவில்தான் டெல்ஃபினாவுக்கு மூச்சு வந்தது. சொந்த மொழியில் பேசுவார்கள், அழுவார்கள், வாரம் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். டெல்ஃபினாவின் முறை வந்தது.

"எங்க அத்தை வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் மாத்தில்டே.

மறுநாளே வந்து எவுலாலியாவின் சமையலறையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, உங்க மருமக மாதிரி விழுந்து எழுந்தவங்க நாங்க. ஞாயித்துக்கிழமை இங்க கூடணும். இருபது பேருக்கு பொசோலே சூப் கொதிக்கவைக்க இந்தத் தெருவுல உங்களை விட்டா யாரு?"

எவுலாலியாவின் முகம் கறுத்தது. "ஊர் பேசுமே."

"பேசட்டும். அதுவும் வந்து சாப்பிட்டுட்டுப் பேசட்டும்."

எவுலாலியா எழுந்து பெரிய பானையை இறக்கினாள். "பன்னித்தலை வேணும். போன மாசம் தேவாலயத்துல ஒருத்தி வெச்சாளே, அது பொசோலேயா? கை கழுவின தண்ணி."

ஞாயிறன்று முதலில் கதவைத் தட்டியது ஒபேலியா, எவுலாலியாவின் உயிர்த்தோழி. கையில் முள்ளங்கியும் எலுமிச்சையும். எவுலாலியா வாசலை மறித்தாள்.

"இன்னைக்கு வேணாம்டி. சொந்தக்காரங்க வராங்க."

"தெரியும். நானும் அவங்களோட ஆளுதான்."

"நீயா? ஞாயித்துக்கிழமையானா ஜெபமாலைக்குன்னு கிளம்புவியே?"

"உன் மருமக சித்தியைப் பாக்கப் போன மாதிரிதான்."

எவுலாலியா கதவைப் பிடித்தபடி நின்றாள். "எங்கிட்டகூட சொல்லலையே."

"சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பியா?"

எவுலாலியா வழிவிட்டாள்.

கூடம் நிறைந்தது. பரிமாற எழுந்த டெல்ஃபினாவின் கையிலிருந்து மாமியார் கரண்டியை வாங்கிக்கொண்டாள். "நீ போய் உக்காந்து பேசு. எனக்கு இங்கிருந்தே காது கேக்கும்."

டெல்ஃபினா பேசினாள். இதுவரை கணவனிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். அடுப்பருகே எவுலாலியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள்.

அதன்பின் எந்த வீட்டில் கூடினாலும் எவுலாலியா வந்துவிடுவாள். புதிதாகக் குழுவில் சேரும் பிள்ளைகளின் தாய்மார்கள் வெளியே காரிலேயே, இறங்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கிண்ணம் பொசோலேயோடு போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருவாள். "முதல்ல சாப்பிடும்மா" என்பாள். கிண்ணம் காலியாவதற்குள் பெரும்பாலானவர்கள் இறங்கிவிடுவார்கள்.