நடக்காமல் விட்ட ஐந்து கிலோமீட்டர்

1

இந்தக் கதையை இரண்டாம் முறையாக எழுதுகிறேன். முதல் முறை எழுதியது நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அதில் ஒரு வாக்கியம் பொய். கதையில் வருகிற இன்னொருவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடிக்காமல் எப்படி இருப்பான்? அந்த நேரத்தில் அவன் அங்கே இருந்தான், நான் இல்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். முப்பது வருடங்களுக்கு முன் எங்கள் அச்சகத்து லிஃப்டில் மாட்டிக்கொண்ட என்னை வெளியே இழுத்தவன் அவன்தான். அன்றிலிருந்து நான் அவனுக்கு ‘புரூஃப்’, அவன் எனக்கு ‘மெக்கானிக்’. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் எங்கள் மனைவிமார் கோபப்படும்போது மட்டும் பயன்படுகின்றன.

2

தொடங்குவதற்கு மூன்று முறை முயன்றேன்.

அ) “பனி விலகாத அதிகாலையில் இரண்டு யாத்ரீகர்கள் —”

(நிறுத்திவிட்டேன். பனியும் இல்லை, அதிகாலையும் இல்லை. மணி ஏழரை. மெக்கானிக் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.)

ஆ) “நடை என்பது மனிதன் தன்னையே தேடி —”

(இதை யாராவது அச்சுக்கு அனுப்பியிருந்தால் நானே ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.)

இ) காலில் தொடங்க வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கட்டடத்தில் வேலை செய்யும்போது மெக்கானிக் லிஃப்டின் மேலிருந்து தவறி விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது. உள்ளே இரும்புத் தகடு வைத்தார்கள். “நடப்பீங்க. ஆனா தடியோடதான். ஏத்தம், படியெல்லாம் மறந்துடுங்க” என்றார் டாக்டர். படுக்கையில் கிடந்தபடியே அவன் வேண்டிக்கொண்டான்: எழுந்து நின்றால், மலைக்கோயில் வரை போகும் இருநூறு கிலோமீட்டர் பாதையை ஓர் அடி விடாமல் நடப்பேன்.

பிறகு என்னைப் பார்த்து, “நீயும் வர்ற” என்றான். கேட்கவில்லை, சொன்னான்.

கிளம்புகிற அன்று அவன் மனைவி என் பையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, அவரை ஒரு அடி கூடத் தனியா விடாதீங்க.”

“எதுக்கும்மா கவலை? நான் இருக்கேன்ல” என்றேன். இதுவும் ஒரு வாக்கியம்தான். இதை நினைவில் வைத்திருங்கள்.

3

அவன் வேலை செய்யும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். பழுது பார்த்து முடித்ததும் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டை நிறுத்துவான். கதவைத் திறந்து, பெட்டியின் தரையும் கட்டடத்தின் தரையும் சமமாக இருக்கின்றனவா என்று காலால் தடவிப் பார்ப்பான். பதினான்கு மாடி என்றாலும் அப்படித்தான். கட்டடக்காரர் அவசரப்படுத்தினால், “நிக்காத மாடிக்கு நான் கையெழுத்து போட மாட்டேன் சார்” என்பான்.

இனி சொல்வது எங்கள் யாத்திரையின் ஒன்பதாம் நாள் நடந்தது. வழிகாட்டிப் புத்தகம் என்னிடம் இருந்தது. படிப்பது என் தொழில் இல்லையா? மூடிக் கிடந்த மரமில்லுக்கு அருகே பாதை இரண்டாகப் பிரிந்தது. புத்தகத்தைப் பார்த்துக் கால்வாய்க் கரையைக் காட்டினேன். சமதரை, நல்ல நிழல். நான்கு கிலோமீட்டர், பாட்டு முனகியபடியே போய்ச் சேர்ந்தோம்.

புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளே ஒரு திருத்தச் சீட்டு* ஒட்டியிருந்தது. “மில்லைக் கடந்தபின் கால்வாய்க் கரையில் செல்ல வேண்டாம். குன்றின் மேல் ஏறும் வழியே யாத்திரைப் பாதை.”

(* புத்தகம் அச்சான பிறகு தெரியவரும் தவறுகளைச் சின்னத் தாளில் அச்சடித்து ஒட்டுவோம். நானே நூற்றுக்கணக்கில் தயாரித்திருக்கிறேன். அவற்றை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் நானும் படிக்கவில்லை.)

4

இந்த இடத்தில் ஒரு டீக்கடை அம்மா வருகிறார். முதல் பிரதியில் இவரை நீக்கியிருந்தேன். பாத்திரத்துக்கு அழுத்தம் போதவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், அவர் சாட்சி.

மதியம் பன்னிரண்டு மணி. டீயை நீட்டியபடி கேட்டார்: “என்ன, கரை வழியா வர்றீங்க? நடக்கறவங்க எல்லாம் குன்று மேலருந்துதானே இறங்குவாங்க?”

மெக்கானிக் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினான். பின்னட்டையைத் திறந்தான். படித்தான். டீயைக் குடித்து முடித்தான்.

“திரும்பிப் போலாம்” என்றான்.

“டேய், நாலு கிலோமீட்டர் திரும்பணும். அப்புறம் குன்று மேல அஞ்சு. உன் காலை நினைச்சுப் பாரு.”

“காலை நினைச்சுத்தான் சொல்றேன்.”

“தெரியாம நடந்த தப்புடா. சாமி கோவிச்சுக்குமா?”

“சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ வர்றியா?”

என் குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. வெயில் உச்சியில் நின்றது. என் தவறுதான் என்பதும் தெரிந்திருந்தது, அதுவே எரிச்சலாகவும் இருந்தது. “பிடிவாதத்துக்கு நான் ஆளில்ல. நீ போய்ட்டு வா, நான் உக்காந்திருக்கேன்” என்றேன்.

“உன் மேல கோவம் இல்லடா” என்று பையை என் பெஞ்சருகே வைத்தான். தடியையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கரையோடு திரும்பிப் போனான்.

கடைக்கார அம்மா என்னிடம் கேட்டார்: “நீங்க போகலையா?”

“கால்ல கொப்புளம்மா.”

தடி ஊன்றிப் போகிறவனை எட்டிப் பார்த்தார். “அவருக்குக் கால்ல ஒண்ணும் இல்லையா?”

நான் இன்னொரு டீ கேட்டேன்.

5

முதல் பிரதியில் இந்த இடத்தில் இருந்தது இதுதான்: “நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தோம்.”

அதற்கடுத்து குன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். காற்று, புல், தூரத்தில் மலைக்கோயில். எல்லாம் கற்பனை. நன்றாக எழுதியிருந்தேன் என்பதுதான் வெட்கம்.

நடந்தது வேறு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் பெஞ்சில் இருந்தேன். மூன்று டீ குடித்தேன். இரண்டு முறை எழுந்து குன்றடி வரை போனேன், இரண்டு முறையும் திரும்பினேன். விழுந்துவிட்டானோ என்று குன்றுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு அவன் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து இறங்கி வந்தான். முகமெல்லாம் புழுதி. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி நீட்டிக்கொண்டான்.

“மேல நல்ல காத்துடா” என்றான்.

யாத்ரீகர் ஒவ்வொருவரிடமும் ஒரு நடைப்புத்தகம் இருக்கும், அன்றன்று நடந்த தூரத்துக்கு விடுதியில் முத்திரை குத்துவார்கள். அன்றைய விடுதியில் முத்திரை குத்துகிறவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “ரெண்டு பேரும் குன்று வழியாத்தானே வந்தீங்க?”

“ஆமா” என்றேன். நான்தான் முந்திக்கொண்டேன். மெக்கானிக் என்னைப் பார்த்தான், பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினான்.

(இங்கே இரண்டு முடிவுகளை யோசித்தேன். ஒன்றில் அவன் என்னைத் திட்டுகிறான், நான் அழுகிறேன், கட்டிக்கொள்கிறோம். இன்னொன்றில் முத்திரைக்காரரே கண்டுபிடித்துவிடுகிறார். இரண்டிலும் நான் செய்ய வேண்டிய வேலையை வேறு யாரோ செய்கிறார்கள். அடித்துவிட்டேன்.)

பதினோராம் நாள் மலைக்கோயிலின் முந்நூறு படிகளையும் அவன் ஏறினான். ஒவ்வொரு படியிலும் நின்றான். நான் பக்கத்திலேயே இருந்தேன். பஸ்ஸில் வந்து காத்திருந்த அவன் மனைவி கோயில் வாசலில் எனக்குக் கைகூப்பினாள். “நீங்க கூட இருந்ததாலதான் அண்ணே.” எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

6

கதையை எழுதி முடித்து அவனிடம்தான் முதலில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் தாள்கள் திரும்பின. அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் அவனுடைய கோணல் எழுத்து:

“இந்த மாடியில நிக்கல.”

வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. தொழிலில் முப்பது வருடம் இருக்கிறேன், இப்படி ஒரு திருத்தம் நான் போட்டதில்லை.

வாக்கியத்தை மாற்றினால் கதை சரியாகிவிடும். இதோ, மாற்றியும்விட்டேன். ஆனால் என் நடைப்புத்தகத்தில் ஒன்பதாம் முத்திரை அப்படியே இருக்கிறது. அதை ரப்பர் வைத்து அழிக்க முடியாது.

ஆகவே இந்தப் பகுதியை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மரமில்லுக்கு வெளியே, அறுபடாமல் கிடக்கும் ஒரு கட்டையின் மேல். அச்சகத்தில் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்தேன். கொஞ்ச நேரம் முன்பு மெக்கானிக் போன் செய்தான்.

“எங்கடா இருக்க? தங்கச்சி நீ வீட்ல இல்லன்னு சொல்லுது.”

“மில்லு கிட்ட.”

அந்தப் பக்கம் ஒரு லிஃப்டின் கதவு திறந்து மூடியது கேட்டது.

“தண்ணி எடுத்துக்கிட்டியா?”

“எடுத்துக்கிட்டேன்.”

“ரெண்டாவது வளைவுல ஒரு கல்லு ஆடும். இடது பக்கமா கால வை.”

“சரிடா.”

“அந்தக் கடைக்கார அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு” என்று வைத்துவிட்டான்.

பாதை வளைந்து மேலே ஏறுகிறது. அன்று பெஞ்சிலிருந்து பார்த்த இறக்கத்தைவிடச் செங்குத்தாக இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் போகப்போகிறேன். குன்றின் மேல் என்ன இருக்கும் என்று எழுத விரல் துடிக்கிறது. நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், காற்று, புல், எதை வேண்டுமானாலும். ஒரு முறை நடக்காமலே எழுதிவிட்டேன். இந்த முறை பேனாவை மூடிப் பைக்குள் வைக்கிறேன்.

7

(          )