ஒரு குடத்துக்கு மூன்று பிரிவு

ஏற்காட்டு மலையிலுள்ள வெள்ளக்கடைத் தண்ணீர்ச் சங்கத்தின் சட்டப் புத்தகத்தைச் சின்னராஜ் அச்சடித்து ஏற்றி வந்த நாளில், அதன் எடை தாங்காமல் சேலம் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவிலும் முனகிக்கொண்டே ஏறியது. தாலுகா ஆபீசில் முப்பத்து நாலு வருடம் கோப்பு கட்டி ஓய்வுபெற்றவர் அவர். ஐம்பத்து நாலு வீடு, ஓர் ஊற்று, ஒரு தொட்டி. இதற்கு நாலு வரி போதுமே என்று யாராவது சொன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். இந்திய அரசியலமைப்பை மடியில் வைத்துக்கொண்டே எழுதினார். குடியரசுத் தலைவர், மக்களவை, மாநிலங்களவை மூன்றும் சேர்ந்ததுதான் டெல்லி நாடாளுமன்றம் என்றால், இங்கேயும் தலைவர், மக்கள் சபை, மூத்தோர் சபை. வீட்டுக்கு ஒருவர் மக்கள் சபை உறுப்பினர். தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேவகுமாரிக்கு வேண்டியதெல்லாம் இருநூறு அடி குழாய்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள் அவள். குடியிருப்பது மேல் வரிசையின் ஏழு வீடுகளில் ஒன்றில். தொட்டி அந்த ஏழு வீட்டுக்கும் தலைக்கு மேலேயே பாறையில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து இறங்கும் குழாயோ அவள் வாசலை உரசிக்கொண்டு, நின்று ஒரு வார்த்தை கேட்காமல், கீழ்த் தெருவுக்குப் போய்விடுகிறது. அந்தத் தண்ணீரைப் பிடிக்க எண்பத்து மூன்று படி இறங்கி, அதே எண்பத்து மூன்று படி ஏற வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம். மாசி வெயிலில் ஊற்று இளைத்தால் கீழ்க் குழாய்க்கும் விக்கல் வந்துவிடும். அதற்குள் மேல் வரிசை நெடுக ஒரு கிளைக் குழாய் போட்டாக வேண்டும்.

செப்டம்பரில் மனுக் கொடுத்தாள்.

"தாராளமா போடலாம் அம்மணி," என்றார் சின்னராஜ். "சபை தீர்மானம் பண்ணோணும், அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானில் நாலு மாதம் போனது. சபை அதற்கு முன் ஆகஸ்டில் ஒரே ஒரு நாள் கூடியிருந்தது, லட்டு கொடுத்ததால். அன்று பொன்னாயிக் கிழவியைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பிறகு ஞாயிறுதோறும் பத்து மணிக்குச் சின்னராஜ் வெண்கல மணியை அடிப்பார். ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதன் சும்மா இருப்பானா? பாதிப் பேர் ஏரிக்கரையில் பஜ்ஜி போடுவார்கள், மீதிப் பேர் டூரிஸ்டுக்கு வண்டி ஓட்டுவார்கள். பதினேழு தலைக்கு மேல் வந்ததில்லை. கோரம் என்று, சபை நடக்கத் தேவையான குறைந்தபட்சத் தலைகளாகச் சின்னராஜ் வைத்திருந்தது மூன்றில் இரண்டு பங்கு. முப்பத்தாறு பேர்.

"டெல்லியில பத்துல ஒருத்தரு இருந்தாப் போதுமாமுங்களே?" என்று தேவகுமாரி கேட்டாள்.

"அவங்களுக்கு அது போதும். நமக்குன்னு ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

"அப்பக் கோரத்தக் கொறைங்க."

"கொறைக்கச் சபை தீர்மானம் பண்ணோணும்."

"சபை கூடறதுக்கு?"

"கோரம் வேணும்."

தேவகுமாரி பல்லைக் கடித்த சத்தம் பக்கத்து ஊரான செம்மநத்தம் வரை கேட்டது. "அந்தப் பொஸ்தகத்தக் குடுங்க," என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

கீழ்க் குழாயில் தண்ணீர் நூல் போல விழும். ஒரு குடம் நிறைவதற்குள் மூன்று பிரிவு படித்துவிடலாம். குடத்தின் மேல் கண் போய், புத்தகத்தின் மேல் கண் வந்தது. பொங்கல் கழிவதற்குள் சட்டத்தை நாலு முறை முடித்துவிட்டாள். தாலுகா ஆபீசே திரண்டு வந்திருந்தாலும் அவளிடம் தோற்றுப்போயிருக்கும்.

பிப்ரவரி எட்டாம் தேதி சின்னராஜ் வாசலில் போய் நின்றாள்.

"ஏனுங்க, ஒம்பதாம் பிரிவு படிச்சீங்களா?"

"நாந்தானே எழுதுனேன்!"

"அப்பறம் எப்பிடிங்க இத்தன தெகிரியமா டீ குடிக்கறீங்க? ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல ஆறு மாசம் தாண்டக் கூடாது. தாண்டுனா தலைவரு தலைவரில்ல. நாளன்னிக்கு ஆறு மாசமுங்க."

அந்தப் பிரிவின் முதல் பாதி டெல்லியில் உள்ளது. இரண்டாம் பாதி சின்னராஜ் உற்சாகத்தில் சேர்த்தது. டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"முப்பத்தாறு பேருக்கு நா எங்க போவேன்?"

"தலைவரு நெனைக்கற எடத்துல, நெனைக்கற நேரத்துல சபையக் கூட்டலாம்னு நீங்கதான் எழுதியிருக்கறீங்க. எஸ்டேட் எடை மேடை. சாயங்காலம் நாலு மணி."

பழம் பறிக்கும் காலத்தில் ஊரே மூட்டையோடு அங்கேதான் நிற்கும். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் எடை போட்டுப் பேர் எழுதும்வரை, சிறுத்தை வந்தாலும் ஒருவரும் நகர மாட்டார்கள். மறுநாள் நாலு மணிக்குத் தராசுக் கொக்கியில் வெண்கல மணி தொங்கியது. உறுப்பினர் தலை நாற்பத்தொன்று. பழச்சாறு பிசுபிசுத்த கைகள் மளமளவென்று உயர்ந்தன. குழாய்த் தீர்மானம் நிறைவேறியது.

தேவகுமாரி மூச்சு விட்டாள். பாதி மூச்சுதான் வெளியே வந்திருக்கும்.

"இனி இது மூத்தோர் சபைக்குப் போகோணும்," என்றார் சின்னராஜ்.

"அதுல யாருங்க இருக்கறாங்க?"

"பன்னெண்டு எடம். கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவை இதுல பேர் வாங்குனவங்களா இருக்கோணும். தேடிக்கிட்டே இருக்கறேன். யாருக்கும் தகுதி இல்ல."

"நா மேளம் வாசிக்கறனேப்பா!" என்று காளியண்ணன் வரிசையிலிருந்து கத்தினார்.

"உங்க மேளத்தக் கேட்டிருக்கறேன்."

எடை மேடையே சிரித்தது. தேவகுமாரி சிரிக்கவில்லை. சும்மாட்டுத் துணியைப் பிரித்து, அதற்குள் இருந்த புத்தகத்தை எடுத்தாள்.

"சங்க நிதியில இருந்து எடுத்துச் செய்யறது மட்டுமே இருந்தா அது பண மசோதா. மூத்தோர் சபை அதத் தடுக்க முடியாது. பதினாலு நாள் வெச்சிருக்கலாம். திருப்பித் தரலீன்னா நெறவேறுனதா அர்த்தம்."

"பண மசோதாவா இல்லியான்னு முடிவு பண்றது சபாநாயகரு," என்றார் சின்னராஜ், கடைசிக் கிளையைப் பிடித்தவர் போல.

எல்லாரும் பொன்னாயியைப் பார்த்தார்கள். ஆறு மாதமாகச் சபாநாயகராக இருந்தும் வாயைத் திறக்க வாய்ப்பில்லாத கிழவி, தன் மூட்டை மேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பண மசோதாதான் கண்ணு. பின்ன என்ன, கறிவேப்பில மசோதாவா?"

அடுத்த பதினாலு நாளும் சின்னராஜ் காப்பிக் களத்தில் பன்னிரண்டு காலி பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, முன்னால் தீர்மானத்தை வைத்துக் காவல் இருந்தார். தேவகுமாரி குடத்தோடு அதைக் கடந்து போனாள், வந்தாள், போனாள். முழங்கால் வீங்கியது.

"காலி நாக்காலிக்கு என்னங்க யோசன, பதினாலு நாளா?"

"அதுக்கு அந்த உரிமை இருக்குது அம்மணி."

பதினைந்தாம் நாள் காலை பேனாவைத் திறந்தவர், தாடையைச் சொறிந்தார். "நொம்ப அவசரமா? மறுபடி ஒருக்கா சபைக்கே திருப்பி அனுப்பி..."

"பண மசோதாவத் தலைவரு திருப்பி அனுப்ப முடியாதுங்க. பக்கம் முப்பத்தொன்னு."

கையெழுத்துப் போட்டார். மாசி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

குழாய் வந்த அன்று தேவகுமாரி தன் வாசலிலேயே குடத்தை வைத்துவிட்டு, கோரத்தைக் குறைக்கும் வழி சொல்லும் திருத்தப் பிரிவைப் பிரித்தாள். ஏழே வீட்டுக்கான கிளைக் குழாய் கொட்டிய வேகத்தில், முதல் வரி முடிவதற்குள் குடம் நிறைந்து வழிந்து அவள் காலை நனைத்தது.

"சனியன், படிக்க உடுதா பாரு," என்று முனகிக்கொண்டே அடுத்த குடத்தை வைத்தாள்.